எண்ணெய்க்குள் இருந்த கடல்

திண்டிவனம்
22-12-2024

அன்பையும் அடியையும் ஒரே கையால் தரும் அக்காவுக்கு,

தம்பி இனியவன் எழுதுவது. நான் உடம்பால் சௌக்கியம், பெயரால் நாசம். நீயும் உன் ஊசிகளும் விழுப்புரத்தில் சௌக்கியமா? உன் நர்சிங் விடுதியில் போனுக்குத் தடை. என் போனை அப்பா பிடுங்கிவிட்டார். ஆக, தபால்காரர் பிழைத்துப் போகட்டும்.

அம்மா உனக்கு மேலோட்டமாகச் சொல்லியிருக்கும். முழுக்கதை இது. கார்த்திகைத் தீபத்தன்று, தீபாவளியில் மிச்சம் வைத்திருந்த அணுகுண்டு ஒன்றைக் கன்னியம்மன் கோவில் மணிக்குள் கட்டிவிட்டேன். பூசாரி குதிப்பார், குப்பமே சிரிக்கும் என்பது திட்டம். வெடித்தது வெடி, வெடிப்பு விழுந்தது மணிக்கு. இப்போது அடித்தால் தகர டப்பாவைத் தட்டியது போல 'டொக்' என்கிறது. சிரிக்க ஒருவரும் இல்லை.

மார்கழிப் பனியில் கரை தெரியாமல் நிற்கிற படகுகளுக்கு அந்த மணிச்சத்தம்தான் வழி. அதனால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நாட்டார் விருத்தாசலம் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். கோவிலில் மணி திரும்பத் தொங்கும் வரைக்கும் நம் படகு கடலில் இறங்கக் கூடாது. அப்பா உடனே எழுந்தார். மாசி மகத்துக்குள் மணி வராவிட்டால் எஞ்சினை விற்றுப் புது மணி வாங்கி வைக்கிறேன் என்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாக்குக் கொடுத்துவிட்டார். எஞ்சின் போனால் அவர் அடுத்தவன் படகில் கூலிக்கு வலை இழுக்க வேண்டியதுதான்.

அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. 'அவனச் சாப்பிடச் சொல்லு' என்று அம்மாவிடம் சொல்வார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். பிறகு என்னைச் சக்கரபாணி மாமா வீட்டுக்குப் பொட்டலம் கட்டிவிட்டார். ஐ.டி.ஐ. இங்கிருந்து பக்கம் என்பது ஊருக்குச் சொன்ன காரணம்.

பொட்டலத்தோடு மணியையும் கோணியில் கட்டி எடுத்து வந்துவிட்டேன், நாட்டாரிடம் கேட்டுத்தான். அதை உருக்கி நானே வார்க்கப் போகிறேன். மாமாவின் டூவீலர் ஷெட்டில் வேஸ்ட் ஆயில் கிடக்கிறது. அதை வைத்தே வெண்கலம் உருகுகிற அளவுக்குச் சூடு கொண்டு வர முடியும். இதுவரை மணி பார்த்து வேலை செய்யாதவன், இப்போது மணிக்காக வேலை செய்கிறேன்.

உன் மெஸ் இட்லி விழுந்து யார் காலும் உடையாதிருக்க வேண்டும்
இனியவன்


விழுப்புரம்
30-12-2024

வால் மட்டும் முளைக்காத தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். எது நடந்திருந்தாலும் நலம் என்றுதான் எழுதுவாய்.

வேண்டாம் என்று சொன்னாலும் செய்வாய் என்பதால் இதை மட்டும் கேள். இந்த மாதம் எனக்குத் தீக்காய வார்டு. இங்கே படுத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் 'ஒரு நிமிஷம் குனிஞ்சு பாத்தேன்' என்று சொன்னவர்கள். கைலி கட்டிக்கொண்டு அடுப்புக்கிட்டே போகாதே. பருத்திப் பேன்ட், மூடிய செருப்பு. பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும், தண்ணீர் வாளி இருக்கக் கூடாது. அடுப்பு வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டு போகாதே. தீ அணைந்துவிட்டால் முதலில் எண்ணெய் வரும் குழாயின் திருகை மூடு, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அப்பாவுக்குக் கோபம் என்று மட்டும் நினைக்காதே. படகைக் கட்டிப்போட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாவை நான் பார்த்ததே இல்லை. நீ பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாய். நினைத்துக்கொள்.

பொங்கல் கழிந்ததும் எங்களைக் காணைக்குக் கிராம சுகாதாரப் பணிக்கு அனுப்புகிறார்கள். மாதக் கடைசியில்தான் திரும்புவேன். அதுவரை நீ போடும் கடிதம் விடுதியில்தான் தூங்கும். மாமாவையும் மாமியையும் கேட்டதாகச் சொல்.

கலைப்பிரியா


திண்டிவனம்
9-1-2025

ஊசி போடாமலே குத்தும் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் புருவத்தில் மட்டும் கொஞ்சம் பஞ்சம். பயப்படாதே, கருகியது முடிதான். மறைக்காமல் சொல்கிறேன் பார்.

நம் தீக்கக்கிக்கு 'நாட்டார்' என்று பெயர் வைத்திருக்கிறேன், கிட்டே போனால் சீறுகிறது. பெயிண்ட் டிரம்முக்குள் சூளைக்கல் அடுக்கி, இடுக்கில் களிமண் பூசி ஓர் அடுப்பு. அதன் அடிப்பக்கம் நுழையும் இரும்புக்குழாய். குழாயின் வெளிமுனையில் எதிர் சலூன்காரர் தந்த பழைய ஹேர் டிரையர். இவ்வளவு நாள் திண்டிவனத்துத் தலைகளைக் காய வைத்தது, இனி மணியைக் காய்ச்சப் போகிறது. உயரத்தில் ஒரு தகர டின், அதில் வேஸ்ட் ஆயில். டின்னின் அடியிலிருந்து மெல்லிய செப்புக்குழாய், நடுவில் திருகு. எண்ணெய் சொட்டும், காற்று அதை உள்ளே ஊதும், உள்ளே எரிகிற துணி அதைப் பற்ற வைக்கும். அடுப்பு சிவந்தபின் துணி தேவையில்லை. எண்ணெய் விழுந்தவுடன் தானே பற்றிக்கொள்ளும்.

முதல் தடவை வெறும் புகை. பின்வீட்டு மாடியில் காய்ந்த வெள்ளை வேட்டி கட்சி மாறிவிட்டது. மாமா வந்து, 'டேய், அடுப்பு பண்ணிக்கினு இருக்கியா, ரயில் விட்டுக்கினு இருக்கியா' என்றார். இரண்டாம் தடவை காற்றைக் கூட்டி எண்ணெயைக் குறைத்தேன். அக்கா, அது உறுமியது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எந்த பஸ்ஸும் அப்படி உறுமாது. பழைய பிரேக் கட்டை ஒன்றைப் போட்டேன், அலுமினியம் பால் போல உருகிவிட்டது. மாமா அதன்பின் கிண்டல் செய்யவில்லை. தன் தேர்முட்டி மாதிரியான வயிற்றைத் தள்ளிக்கொண்டு, 'சாமி விஷயம், பாத்துச் செய்யி' என்று மட்டும் சொன்னார்.

அப்பாவிடமிருந்து ஒன்றுமில்லை. மாமாவுக்குப் போன் வரும்போதெல்லாம் பக்கத்தில் போய் நிற்கிறேன். மாமா பேசி முடித்து வைத்துவிடுகிறார்.

காணையில் கரும்புக்கட்டு கிடைத்தால் எனக்கும் ஒரு கடி மிச்சம் வை.

இனியவன்


திண்டிவனம்
27-1-2025

காணைக்குப் போன கண்ணுக்குத் தெரியாத அக்காவுக்கு,

இது உன் விடுதியில் தூங்கிக்கொண்டிருக்கும் என்று தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ சுகமா, நான் சுகத்துக்கும் மேலே.

சோதனைக்கே ஷெட் எண்ணெய் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அம்மாவிடம் புலம்பியிருந்தேன். நேற்று மரக்காணம் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இரண்டு பெரிய கேன் இறக்கினார். அப்பா அனுப்பியது. நம் படகின் அடித்தட்டிலும் அக்கம்பக்கத்துப் படகுகளிலும் எஞ்சினிலிருந்து வழிந்து தேங்கிய எண்ணெயை எல்லாம் மொண்டு நிரப்பியிருக்கிறார். மாமாவுக்குப் போனில் சொன்னாராம், 'அவனுக்கு எண்ணெ பத்தலியாமே, இத்த வச்சி பண்ணிக்கச் சொல்லு' என்று. நான் இங்கே வந்த பிறகு முதல் தடவையாக அப்பா என்னை 'அவன்' என்றாவது சொல்லியிருக்கிறார். கேனைப் படுக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினேன். வீச்சம்தான். இருந்தாலும் அது குப்பத்து வீச்சம்.

மணியை மணலில் பதித்து அச்சு எடுத்தாகிவிட்டது. நேற்று மணியைச் சம்மட்டியால் உடைத்தும் விட்டோம். உடைக்கும்போது மாமா செருப்பைக் கழற்றிவிட்டார். இனிப் பின்வாங்க முடியாது. உருகி வார்ந்தால் மணி, இல்லாவிட்டால் சாக்கில் அள்ளிய சில்லு.

வருகிற ஞாயிறு, இரண்டாம் தேதி காலை பத்தரைக்கு மேல் மூட்டுகிறோம். ஷெட் எண்ணெய் மிச்சத்தில் ஆரம்பித்து, சூடேறினதும் அப்பாவின் எண்ணெய்க்கு மாறுவது என்று திட்டம். அம்மனிடம் எனக்காக நீ ஒரு வார்த்தை சொல். என் வார்த்தையை அவள் இப்போது கேட்கமாட்டாள்.

இனியவன்


விழுப்புரம்
1-2-2025, சனி மாலை
(காயத்ரி கையில்)

இனியா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இப்போதுதான் காணையிலிருந்து வந்தேன், உன் கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. வார்டன் இருதயமேரி அம்மா அறையிலிருந்து மாமாவுக்குப் பலதடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. என்னோடு படிக்கும் காயத்ரி நாளை முதல் பஸ்ஸில் திண்டிவனம் வீட்டுக்கு வருகிறாள். அவள் கையில் இதைத் தருகிறேன்.

அப்பா அனுப்பிய எண்ணெயை ஊற்றாதே.

அது படகின் அடியில் மொண்டது. படகின் அடியில் எண்ணெய் மட்டுமா தேங்கும்? கடல் தண்ணீரும் சேர்ந்துதான் தேங்கும். என் கணுக்காலில் இருக்கும் தழும்பு உனக்குத் தெரியும். சின்ன வயதில் போகிக்கு அந்த எண்ணெயில் துணி நனைத்துக் கொளுத்தினேன். படபடவென்று வெடித்துக் காலில் தெறித்தது. அது ஒரு துணி. உன்னுடையது சிவந்த அடுப்பு. தண்ணீர் வந்தால் தீ அணையும். அணைந்தது தெரியாமல் பின்னாலேயே எண்ணெய் சொட்டும். சூட்டில் அது ஆவியாகி நிறைந்து நிற்கும். அப்புறம் ஒரு பொறி போதும்.

கேனை அசைக்காமல் பல நாள் வை. தண்ணீர் கீழே இறங்கும். மேலே இருப்பதை மட்டும் மொண்டு எடு. ஒரு கரண்டியில் காய்ச்சிப் பார். படபடத்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. சத்தமில்லாமல் புகைந்தால் மட்டும் ஊற்று.

மாசி மகத்துக்கு நாள் இருக்கிறது. நாளைக்கே வேண்டாம். படித்ததும் காயத்ரியிடம் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு.

அக்கா


திண்டிவனம்
6-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

இனியவன் எழுதுவது. நான் நலம். மாமா, மாமி நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

மணி இன்னும் வரவில்லை. அடுப்பு கொஞ்சம் மக்கர் செய்தது. உருக்குகிற சட்டியான மூசையில் பாதி உருகிய வெண்கலம் அப்படியே இறுகிவிட்டது. திரும்பச் செய்யலாம் என்று மாமா சொல்கிறார்.

ஐ.டி.ஐ.யில் பாதுகாப்பு வாரம் நடத்துகிறார்கள். என்னைச் சுவரொட்டி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகக் கேட்கிறேன். எண்ணெய்த் தீ பட்டுக் கொப்புளம் வந்தால் உடைக்கலாமா? முழங்கை வரைக்கும் என்றால் விரல் மடங்க எத்தனை நாள் ஆகும்? உப்புத் தண்ணீர் எப்போதிலிருந்து படலாம்? சீக்கிரம் எழுது. சுவரொட்டி அவசரம்.

இனியவன்


விழுப்புரம்
9-2-2025

இனியா,

கொப்புளத்தை உடைக்கக் கூடாது. மஞ்சள், பேஸ்ட், இங்க் எதுவும் தடவக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, நேராக அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். இது சுவரொட்டிக்கு.

இனி உனக்கு. உன் கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை. உனக்கு அம்மை போட்டபோதுகூட 'முத்து முத்தாக வியர்க்கிறது' என்று எழுதி என் புத்தகத்தில் வைத்தவன் நீ. காயத்ரி வந்து சொன்னாள், ஷெட் வாசலில் கடிதம் தந்தாளாம். நீ நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, 'திட்டு தானே, சாப்பிட்டப்புறம் படிக்கிறேன்' என்றாயாம். அவள் 'இப்பவே படிக்கச் சொன்னாங்க' என்றதற்குத் தலையாட்டினாயாம்.

ஐ.டி.ஐ. சுவரொட்டியில் உப்புத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? உன் கைகள் இரண்டும் எப்படி இருக்கின்றன? உண்மையைச் சொல். எனக்கு மார்ச் முதல் வாரம் தேர்வு. புத்தகத்தைத் திறந்தால் உன் கைதான் தெரிகிறது.

அக்கா


திண்டிவனம்
13-2-2025

சந்தேகத்தில் பட்டம் வாங்கிய அக்காவுக்கு,

கை கேட்டாய் அல்லவா, இதோ என் கைகளே வருகின்றன. பின்பக்கம் திருப்பிப் பார். இடதை வலதாலும் வலதை இடதாலும் சுற்றிக் கோடு போட்டிருக்கிறேன். வலது கொஞ்சம் கோணல், ஏனென்றால் என் இடது கை படிக்காதது. பத்து விரலும் எண்ணிக்கொள். எல்லாம் மடங்குகின்றன, மூக்கு வரைக்கும் போகின்றன.

இங்கே யாருக்கும் குறையில்லை. மாமி தினமும் சங்கரா மீன் குழம்பு. வீட்டில் ஒரே ஒரு ஸ்பூன்தான், அதையும் அப்பா எடுத்துக்கொள்கிறார் என்பதால் பாயசத்தை நான் குடிக்கத்தான் முடிகிறது. மற்றபடி பேஜார் ஒன்றுமில்லை. நீ படி.

உன் கைக்கு அடங்காத தம்பி
இனியவன்


விழுப்புரம்
17-2-2025

இனியா,

கைகளைப் பார்த்தேன். உன்னுடையவைதான், சுண்டுவிரல் வளைவு தெரிகிறது. அழுதேன். பிறகு ஸ்பூனைப் படித்தேன்.

அப்பா ஏன் குப்பத்தை விட்டுத் திண்டிவனத்தில் இருக்கிறார்? பிறந்ததிலிருந்து ஸ்பூனைத் தொடாத மனிதர், மீன் முள்ளை விரலால் தடவி எடுக்கிறவர், ஏன் ஸ்பூனால் சாப்பிடுகிறார்? வலது கை. முழங்கை வரைக்கும். உப்புத் தண்ணீரில் வேலை செய்கிற கை.

தேர்வு முடியும்வரை எனக்குச் சொல்லக் கூடாது என்று அவர்தான் சொல்லியிருப்பார், தெரியும். அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனீர்களா? ஊசி போட்டார்களா? விரலைத் தினமும் மடக்கி நீட்டச் சொல், வலித்தாலும் விடாதே. நிறுத்தினால் தோல் இறுகிக் கை சுருண்டுவிடும். காயம் ஆறினாலும் உப்புப் படாமல் துணி சுற்றிக்கொண்டுதான் கடலில் இறங்க வேண்டும். துடுப்புப் பிடிக்கிற கை, இனியா.

புதன்கிழமை மாலை வார்டன் அறையிலிருந்து மாமா போனுக்கு அடிப்பேன். போனை அப்பாவிடம் கொடு.

அக்கா


திண்டிவனம்
22-2-2025

அக்கா,

போனில் அப்பா 'ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கேன், நீ படி' என்று சொல்லி வைத்துவிட்டார்.  மற்றதை நான் எழுதுகிறேன்.

அன்று ஷெட் எண்ணெயில் நன்றாகத்தான் எரிந்தது. மூசை சிவந்து, வெண்கலச் சில்லுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய ஆரம்பித்தன. அப்பாவின் கேனைத் தூக்கி டின்னில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் அடுப்பு துப்பியது. பட், பட். பிறகு உறுமல் நின்றுவிட்டது. ஹேர் டிரையர் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. முதலில் திருகை மூடு என்று நீ டிசம்பரிலேயே எழுதியிருந்தாய். வார்க்க வேண்டியது இறுகிவிடுமே என்ற அவசரத்தில் நான் துணியைப் பற்ற வைத்துக்கொண்டு குனிந்தேன்.

அப்பா வருவது எங்கள் யாருக்கும் தெரியாது. மணி வார்ப்பதைப் பார்க்காமல் இருக்க முடியாமல் சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறார். வாசலில் நின்று எத்தனை நேரம் பார்த்தாரோ. துப்புகிற சத்தம் கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, அது அவர் மொண்ட தண்ணீர்.

'தள்றா.'

கார்த்திகைக்கு அப்புறம் அப்பா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் மணல் குவியலில் போய் விழுந்தேன். துணி அவர் கைக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. அடுப்பின் வாயிலிருந்து ஆள் உயரத்துக்குத் தீ வந்துபோனது, ஒரே ஒரு தடவை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையைத் திருப்ப முடியவில்லை. அந்தக் கையாலேயே திருகை மூடிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது உன் கடிதம் சட்டைப்பையில் குத்தியது. அங்கே வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். 

ஊசி போட்டார்கள், கட்டு மாற்றுகிறார்கள். விரல் மடக்குகிறார். உன் கடிதத்தை உரக்க வாசிக்கச் சொல்லி மாமாவிடம் சொன்னார், நான் வாசித்தேன். அன்றிலிருந்து கேன்களை யாரும் அசைக்கவில்லை. தினமும் காலையில் அப்பா மேலாகக் கொஞ்சம் மொண்டு, அதே ஸ்பூனில் ஊற்றி, இடது கையால் விளக்கின்மேல் பிடித்துக் காதைச் சாய்த்துக் கேட்கிறார். முதலில் எல்லாம் படபடப்பு. முந்தாநாள் லேசாக. இன்று சத்தமே இல்லை. மாமாவைப் பார்த்து, 'நாளைக்குப் பண்ணலாம்னு சொல்லு' என்றார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இனியவன்


விழுப்புரம்
3-3-2025

இனியா,

நான் சுகம். நாளை தேர்வு. ஒன்பது நாளாக ஒரு வரி இல்லை. வார்த்தீர்களா? யாருக்காவது ஏதாவது என்றால் அதை எழுது. ஒன்றுமில்லை என்றால் அதையும் எழுது. 'ஒண்ணுமில்ல' என்று மட்டும் எழுதாதே.

அக்கா


குப்பம்
13-3-2025

பரீட்சை எழுதிக் களைத்த அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இது ஸ்பூனில் காய்ச்சிப் பார்த்த நலம், படபடக்காது.

நடுவில் எழுதாததற்குக் காரணம் உண்டு. வார்த்துவிட்டோம், ஆனால் மணி ஒலிக்குமா என்று தெரியாமல் உனக்கு என்ன எழுதுவது. மணலை உடைத்து எடுத்தபோது கருத்த பூசணி போல இருந்தது. ஐ.டி.ஐ.யில் அரம் போட்டு, தேய்த்து, நாக்கு மாட்டினோம். பழையது 'ணங்' என்னும். இது 'ணொங்'. எனக்கும் மணிக்கும் ஒரே சமயத்தில் குரல் உடைந்திருக்கிறது என்றார் மாமா.

நேற்று மாசி மகம். சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் டிராக்டரில் கடலுக்கு வந்திருந்தன. நாட்டார் பெரியப்பா மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. புது மணி கட்டினால் வலை போடும் இடம் வரைக்கும் ஒரு படகு போக வேண்டும், அங்கே சத்தம் கேட்டால் துடுப்பைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதுதான் வழக்கமாம். 'வெற்றி, உன் படகே போவட்டும். நானும் ஏறிக்கிறேன்' என்றார் அப்பாவிடம்.

படகு போனது. நான் அடித்தேன். கரையில் மேளங்களை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். படகு சின்னதாகிக்கொண்டே போனது. துடுப்பு எழவில்லை. அம்மா என்னைப் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை, மணலைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்குத் தெரியும் அக்கா, கேட்காவிட்டால் அப்பா கேட்டது என்று சொல்லமாட்டார், எஞ்சின் போனாலும். தோள் கழன்றுவிடும் போல அடித்தேன்.

அப்புறம் எழுந்தது. துடுப்பு. அதன் கீழே வெள்ளையாகத் தெரிந்தது, உப்புப் படாமலிருக்க நீ சுற்றச் சொன்ன துணி. வலது கையால்தான் தூக்கியிருந்தார். இறக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

படகு கரை தட்டியதும் நாட்டாருக்குக்கூடக் கை கொடுக்காமல் இறங்கி, நனைந்த காலோடு நேராகக் கோவிலுக்கு வந்தார். எனக்கு முன்னால் வந்து நின்றார். இந்தத் தடவை மாமாவும் இல்லை, அம்மாவும் பக்கத்தில் இல்லை.

'கேட்டுச்சுடா. போதும், நிறுத்து' என்றார்.

நான் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்று விடியற்காலையில் அப்பா கடலுக்குப் போனார். பனி இல்லை, கரை நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் போய் ஒரு தடவை அடித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நீ எப்போது வருகிறாய்? சங்கரா மீன் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் அப்பா. முள்ளை அவரே எடுத்துத் தருவாராம்.

இனியவன்